வீடியோ மேசை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே மனக்குறையைச் சொல்கின்றன. ஆசைப்பட்டுக் கேமரா வாங்கியாகிவிட்டது, படமும் எடுத்தாகிவிட்டது, ஆனால் தொகுக்க உட்கார்ந்தால் ஏதோ ஓரிடத்தில் வேலை நின்றுவிடுகிறது. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. பின்னால் வரும் பல கேள்விகளுக்கும் அதுவே அடிப்படை என்பதால் அதைச் சுருக்கவில்லை.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். போடிமெட்டுப் பக்கமுள்ள ஏலக்காய்த் தோட்டங்களைப் பற்றிச் சிறிய ஆவணப்படம் ஒன்று எடுக்க விரும்பி 4கே கேமரா வாங்கினேன். வீட்டில் இருப்பது எட்டு ஆண்டுப் பழைய லேப்டாப். இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம், சாதாரண ஹார்ட் டிஸ்க். எடுத்த காட்சிகளை எடிட்டிங் மென்பொருளில் போட்டால் படம் நின்று நின்று ஓடுகிறது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியை ஒன்றரை லட்ச ரூபாய்க்கு வாங்கும்படி கடைக்காரர் சொல்கிறார். ஓய்வூதியத்தில் இவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா? (தேனி மாவட்ட வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம், ஐயா. உங்கள் லேப்டாப் பழையதுதான். ஆனால் அது திணறுவதற்கு முதற்காரணம் நீங்கள் அதனிடம் கொடுக்கும் கோப்பின் இயல்பு. அதைப் புரிந்துகொள்ளாமல் கணினியை மாற்றினால், புதிய கணினியிலும் இதே திணறல் தொடர வாய்ப்புண்டு.

கேமரா நொடிக்கு 25 படங்களைப் பிடித்தாலும், அவை எல்லாவற்றையும் முழுமையாகக் கார்டில் எழுதிவைப்பதில்லை. மளிகைக் கடைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மாத முதல் நாளில் மட்டும் கையிருப்பை முழுதாகக் குறித்துவிட்டு, மற்ற நாள்களில் வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று மட்டும் எழுதிவைத்தால் நோட்டில் இடம் மிச்சமாகும். ஆனால் 17ஆம் தேதி இருப்பு என்ன என்று யாராவது கேட்டால் முதல் நாளிலிருந்து கூட்டிக் கழித்துத்தான் சொல்ல முடியும். எச்.264 (2003), எச்.265 (2013) என்னும் வீடியோவைச் சுருக்கும் இரண்டு முறைகளும் பெரும்பாலான கேமராக்களில் இப்படித்தான் வேலை செய்கின்றன: சில படங்களுக்கு ஒருமுறை முழுப்படம், இடையில் உள்ளவற்றில் மாற்றங்கள் மட்டும். நேராக ஓடவிட்டுப் பார்க்கும்போது இது பெரிய சுமையாகத் தெரியாது. டைம்லைனில், அதாவது காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், முன்னும் பின்னும் இழுத்து, நடுவில் வெட்டி, அந்த ஒரு படத்தை இப்போதே காட்டு என்று கேட்கும்போதுதான் கணினி ஒவ்வொரு முறையும் கூட்டிக் கழிக்க வேண்டியிருக்கிறது.

இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. இப்போது வரும் கேமராக்கள் பலவற்றில், நிற விவரங்களைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும் 10 பிட் 4:2:2 என்ற தரத்தில் பதிவு செய்யும் வசதி உண்டு. நிறத்தைப் பின்னால் திருத்துவதற்கு அது நல்லது. ஆனால் எச்.265 வடிவிலுள்ள 4:2:2 பதிவைப் பிரித்துப் படிக்கும் தனிச் சுற்று எல்லாச் சிப்பிலும் இருப்பதில்லை. என்விடியாவின் கார்டுகளில் அது ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. மாறாக, இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதற்கொண்டு செயலியின் உள்ளேயே இருக்கும் எளிய கிராஃபிக்ஸ் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே கடைக்காரர் காட்டும் விலையுயர்ந்த கார்டு முந்தைய வரிசையைச் சேர்ந்ததாக இருந்தால், உங்கள் கோப்பைப் பிரிப்பதில் அது சும்மா உட்கார்ந்திருக்கக்கூடும். அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. விளையாட்டுக்குக் கணினி கேட்டு வருபவர்களே அவரிடம் அதிகம், அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பார்.

உங்கள் கோப்பு எந்த வகை என்பதை அறிய மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கிளிப்பைத் திறந்து பாருங்கள். கோடெக் (சுருக்கும் முறை), பிட் அளவு, நொடிக்கு எத்தனை படம், எத்தனை மெகாபிட் என்ற நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு விவரங்களும் இல்லாமல் யாரிடமும் கணினி யோசனை கேட்காதீர்கள், என்னிடம் உட்பட.

இனி தீர்வுக்கு வருவோம். அதன் பெயர் பிராக்ஸி. ஒவ்வொரு 4கே கிளிப்புக்கும் சிறிய அளவில், எளிதாகப் பிரியும் வடிவில் ஒரு நகலை மென்பொருளே உருவாக்கும். நீங்கள் அந்த நகலை வைத்துத் தொகுப்பீர்கள். இறுதியில் முடிந்த படத்தைக் கோப்பாக வெளியே எடுக்கும்போது மென்பொருள் அசல் கோப்புக்குத் திரும்பிவிடும். பிராக்ஸிக்கு டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி அல்லது புரோரெஸ் பிராக்ஸி போன்ற வடிவைத் தேர்ந்தெடுங்கள். இவற்றில் ஒவ்வொரு படமும் முழுப்படமாகவே எழுதப்படுவதால், எந்தத் தேதியின் இருப்பைக் கேட்டாலும் உடனே சொல்லிவிடும் கணக்குப் புத்தகம் போல அவை நடந்துகொள்ளும். 1080 (ஃபுல் எச்டி) அளவில், நொடிக்கு 25 படத்தில், ஒரு மணிநேரக் காட்சிக்கு ஏறத்தாழ 16, 17 ஜிபி இடம் பிடிக்கும். இரவு உணவுக்குப் பின் இந்த வேலையை ஏவிவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். லேப்டாப்பை மெத்தைமீது மட்டும் வைக்காதீர்கள், காற்றுப்போக்கு அடைபட்டுச் சூடேறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

செலவு செய்தே ஆகவேண்டும் என்றால், ரேமை 16 ஜிபி ஆக்குங்கள். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். லேப்டாப் விரைவாகத் திறக்கும், மென்பொருள் தாமதிக்காது. ஆனால் எஸ்எஸ்டி போட்டவுடன் 4கே வழுக்கிக்கொண்டு ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நொடிக்கு 100 மெகாபிட் பதிவு என்பது நொடிக்கு 12.5 எம்பி மட்டுமே. அதைப் பழைய ஹார்ட் டிஸ்கே தாராளமாகக் கொடுத்துவிடும். தடை இருப்பது படிப்பதில் அன்று, பிரிப்பதில்.

டைம்லைனை 1080 அளவிலேயே அமைத்துக்கொள்ளுங்கள் என்பது இன்னொரு யோசனை. 4கே படத்தில் 1080 படத்தைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் இருப்பதால், ஏலக்காய் பறிக்கும் அம்மாவிடம் ஒரே கேமராவில் எடுத்த பேட்டியை ஓரிடத்தில் இடுப்பளவுக் காட்சியாகவும், வேறிடத்தில் தரம் குறையாமல் முக அளவுக் காட்சியாகவும் காட்டிக்கொள்ளலாம். இந்த ஆவணப்படத்தை முடித்து, அடுத்ததையும் முடித்து, அப்போதும் பிராக்ஸிக்காகக் காத்திருப்பது பொறுக்க முடியாமல் போனால் புதிய கணினி வாங்குங்கள். அப்போது உள்ளமைந்த கிராஃபிக்ஸ் உடைய இன்டெல் செயலியும் 32 ஜிபி ரேமும் முதலில் வரட்டும். செயலியின் எண் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அதில் அந்த உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருக்காது. விலை சற்றுக் குறைவு என்று கடையில் அதையே முதலில் நீட்டக்கூடும்.

கேள்வி: கல்லூரியில் படித்துக்கொண்டே எடிட்டிங் கற்க விரும்புகிறேன். பிரீமியர் கற்பதா, டாவின்சி ரிசால்வ் கற்பதா? ஆறு மாத வகுப்புக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பிரீமியரைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் 2013 முதல் சந்தா முறைக்கு மாறிவிட்டது, கட்டணம் நின்றால் மென்பொருளும் நின்றுவிடும். ஆப்பிளின் ஃபைனல் கட், கணினிகளில் மேக்கில் மட்டுமே ஓடும். ரிசால்வின் கதை வேறு. வெகுகாலம் பெரிய ஸ்டூடியோக்களில் நிறத் திருத்தத்துக்கென்றே இருந்த டாவின்சியை 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் வாங்கி, பின்னர் எடிட்டிங், ஒலி, கிராஃபிக்ஸ் எல்லாவற்றையும் அதனுள் சேர்த்தது. அதன் இலவசப் பதிப்பில் நொடிக்கு 60 படம் வரை, 3840 × 2160 அளவில் வெளியே எடுக்கலாம்; கட்டணப் பதிப்புக்குரிய எஃபெக்ட்களைத் தொடாதவரை படத்தின்மீது அவர்களின் முத்திரை விழாது. மாணவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். உங்கள் கணினியில் லினக்ஸ் இருந்தால் மட்டும் கேடென்லைவ் அல்லது ஷாட்கட் என்ற இலவச எடிட்டிங் மென்பொருள்களின் பக்கம் போய்விடுங்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 கோப்புகளைத் திறப்பதில்லை.

வகுப்புக்குப் பணம் கட்டுமுன் பிளாக்மேஜிக் தன் தளத்தில் இலவசமாகத் தரும் பயிற்சி நூல்களையும் அவற்றோடு வரும் மாதிரிக் காட்சிகளையும் இறக்கிப் பாருங்கள். ஆனால் மென்பொருளின் பட்டன்களை வரிசையாகக் கற்பது சமையலறையில் உள்ள பாத்திரங்களின் பெயரைக் கற்பது போன்றதுதான். எதையாவது சமைக்க வேண்டும்.

உங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி இருக்கும் அல்லவா? அவரிடம் அனுமதி கேட்டு ஒரு காலை நேரம் அங்கே நின்று 40 நிமிடம் படம் எடுங்கள். கரி கொட்டுவது, பெட்டியை ஆட்டிக் கனலைக் கிளப்புவது, துணியில் தண்ணீர் தெளிப்பது, காலர் மடிப்பில் பெட்டியின் முனை நுழைவது, மடித்த துணியின் மேல் உள்ளங்கை பதிவது என்று ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து ஒருமுறையும் அருகிலிருந்து ஒருமுறையும் எடுங்கள். அந்த 40 நிமிடத்தை மூன்று நிமிடமாக்குவதுதான் உங்கள் பாடம். ஐ, ஓ விசைகளால் கிளிப்பின் தொடக்கமும் முடிவும் குறிப்பது, ஜே, கே, எல் விசைகளால் பின்னோட்டி நிறுத்தி முன்னோட்டுவது ஆகியவை இரண்டே நாளில் விரலுக்குப் பழகிவிடும். பிறகு ஓரிடத்தில், பெட்டியின் மூடி ‘டக்’ என்று விழும் ஒலியை, அந்தக் காட்சி வருவதற்கு அரை நொடி முன்பே, முந்தைய காட்சியின் அடியில் ஒலிக்கவிட்டுப் பாருங்கள். ஜே கட் என்று சொல்வது இதைத்தான். இதன் சுவை பிடிபட்ட பின்பும் வகுப்பு தேவை என்று தோன்றினால் தாராளமாகச் சேருங்கள். அப்போது கேட்பதற்கு உங்களிடம் கேள்விகள் இருக்கும்.

கேள்வி: சமையல் வீடியோக்களைக் கைபேசியில் எடுத்து, குரலைத் தனி மைக்கில் பதிகிறேன். தொடக்கத்தில் பொருந்தும் குரல் 20 நிமிடம் போனதும் உதட்டசைவுக்குப் பிந்திவிடுகிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தில் கறுப்புப் பட்டைகளும் ஓடுகின்றன. (மதுரை வாசகி)

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். கைபேசிகள் பல, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப நொடிக்கு எத்தனை படம் என்பதைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். 30 என்று நீங்கள் நினைத்திருப்பது ஓரிடத்தில் 29 ஆகவும் ஓரிடத்தில் 27 ஆகவும் இருக்கும். எடிட்டிங் மென்பொருளோ சீரான இடைவெளியை எதிர்பார்க்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைக் கொடுத்து, வீடியோ பகுதியில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டு, அதன் பிறகு தொகுக்கத் தொடங்குங்கள். மைக்கின் பதிவு 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டைகளுக்குக் காரணம் நம் மின்சாரம். இந்தியாவில் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கைபேசியில் பெரும்பாலும் முதலில் அமைந்திருக்கும் 30 படம், 1/60 ஷட்டர் என்பது 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்குப் பொருத்தமானது. கேமரா ஆப்பின் கைமுறை வசதியில் 25 படம், 1/50 ஷட்டர் என்று வைத்தால் ஒவ்வொரு படமும் விளக்கின் இரண்டு முழு அலைவுகளை வாங்கிக்கொள்ளும், பட்டை மறைந்துவிடும். 25 படம் உங்கள் கைபேசியில் இல்லையென்றால் 30ஐயே வைத்துக்கொண்டு ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள், அதுவும் போதும்.

கேள்வி: தமிழில் தலைப்பு எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன. பாமினி எழுத்துருவில் தட்டினால் சரியாக வருகிறது. அதையே தொடரலாமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: பாமினியில் சரியாகத் தெரிவதற்குக் காரணம், அது தமிழ் எழுத்தின் உருவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒட்டி வைத்திருப்பதுதான். கணினியைப் பொறுத்தவரை நீங்கள் தட்டியது ஆங்கிலம். ஆகவே அது எதையும் இடம் மாற்றாது. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத இன்னொருவரின் கணினியில் உங்கள் புராஜெக்டைத் திறந்தால் தலைப்பு முழுவதும் பொருளற்ற ஆங்கிலமாக நிற்கும். யூனிகோடில் ‘கோயில்’ என்று எழுதும்போது ககரம் முன்னும் ஓகாரக் குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். அந்தக் குறியைப் பிளந்து, கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது திரையில் வரையும் நிரலின் பொறுப்பு. அந்தத் திறன் இல்லாத தலைப்புக் கருவியில்தான் கொம்பு தவறான பக்கம் போய் நிற்கிறது.

பிரீமியரில் முன்விருப்பங்களின் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்ற எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்தால் இது தீரும். கேடென்லைவில் பெரும்பாலும் சிக்கல் எழுவதில்லை. மற்றவற்றில் முதலில் ‘கோ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் தட்டிப் பாருங்கள். இவை தேறினால் மற்றவை தேறும். தேறாவிட்டால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் தலைப்பை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து, டைம்லைனில் காட்சியின் மேல் வைத்துவிடுங்கள். வசன வரிகளுக்கு எஸ்ஆர்டி கோப்பைப் பயன்படுத்தினால் அதை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க மறவாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நாகஸ்வரக் கச்சேரியைப் பதிவு செய்தேன். படம் நன்றாக இருக்கிறது. ஒலி மட்டும் அமுங்கி அமுங்கி எழுகிறது, தவில் தனியில் கிழிந்தே போகிறது. மென்பொருளில் சரிசெய்ய முடியுமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: அமுங்குவதை ஓரளவு சீர்ப்படுத்தலாம், கிழிந்ததைத் தைக்க முடியாது. ஒலி அளவு உச்சத்தைத் தாண்டிய இடத்தில் அலையின் தலை வெட்டுண்டு தட்டையாகிவிடுகிறது. அங்கே என்ன இருந்தது என்ற தகவலே கோப்பில் இல்லை. ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் ‘கிளிப் ஃபிக்ஸ்’ என்ற வசதி அந்த இடத்தை ஊகித்து நிரப்பும். ஓரிரு அடிகளுக்கு அது உதவும், முழுத் தனியாவர்த்தனத்துக்கு உதவாது.

அடுத்த திருவிழாவுக்காகச் சொல்கிறேன். கேமராவில் ஒலி அளவைத் தானியங்கியாக விடும் அமைப்பு பேச்சுக்காகச் செய்யப்பட்டது. தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல் விழுந்தவுடன் அது பயந்துபோய் அளவைக் குறைக்கும், அடுத்த நொடியில் மறுபடியும் ஏற்றும். நீங்கள் கேட்கும் அமுங்கல் இதுதான். அதை அணைத்துவிட்டுக் கைமுறைக்கு மாறுங்கள். கச்சேரிக்கு முன் சுருதி பார்க்கும் நேரத்து ஒலியை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள், அது ஏமாற்றும். தவில்காரர் கை பழக நாலு அடி அடிப்பார், அப்போது ஒலி அளவைக் காட்டும் முள் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். மைக்கை நாகஸ்வரத்தின் அணசுக்கு (விரிந்த முனைக்கு) நேர் எதிரே நீட்டாமல் சற்றுப் பக்கவாட்டில், தலைக்கு மேலான உயரத்தில் நிறுத்துங்கள். 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் சிறு ரெக்கார்டர்கள் இப்போது வருகின்றன. அளவைத் தவறாக வைத்தாலும் பின்னால் மீட்டுவிடலாம் என்பது அவற்றின் வசதி. ஆனால் மைக்கே தாங்காத அளவு அருகில் வைத்தால் அவையும் கைவிட்டுவிடும்.

இன்னொரு சிறு சங்கதி. வீதியுலாவைக் கோபுர வாசலில் நின்று எடுத்தால், 34 மீட்டர் தொலைவிலிருந்து ஒலி வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். 25 படக் கணக்கில் அது இரண்டரைப் படம். தவிலின் இடப்பக்கமான தொப்பியில் பூவரசங்குச்சி விழுவது கண்ணுக்கு முன்னே தெரிந்து, ஒலி பின்னே வரும். உற்றுப் பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். ஒலித் தடத்தை இரண்டு படம் முந்தி ஒலிக்கும்படி நகர்த்துங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: மேக் நல்லதா, விண்டோஸ் நல்லதா? (சேலம் வாசகர்)

பதில்: உங்களுக்குச் சந்தேகம் வந்தால் உட்கார்ந்து சொல்லித்தரக்கூடிய நண்பர் எதை வைத்திருக்கிறாரோ அது. 2024இல் வந்த மேக் மினி 16 ஜிபி ரேமிலிருந்து தொடங்குவதால் விலைக்கு மோசமில்லை. உள்ளே 256 ஜிபி இடம்தான், வெளி எஸ்எஸ்டி ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எடுத்த காட்சிகளையும் புராஜெக்டுகளையும் எப்படிப் பாதுகாப்பது? எல்லாம் ஒரே வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. (கோவை வாசகர்)

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு என் பழைய காயம் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் வீட்டுச் சதாபிஷேகத்தை மூன்று வாரம் உட்கார்ந்து ரிசால்வில் தொகுத்தேன். காட்சிகள் அனைத்தையும் இரண்டு டிஸ்கில் பத்திரமாக வைத்திருந்தேன். கணினி மெதுவாகிவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினேன். காட்சிகள் இருந்தன, மூன்று வாரத் தொகுப்பு இல்லை. ரிசால்வ் தன் புராஜெக்டைக் காட்சிகள் இருக்கும் ஃபோல்டரில் சேமிப்பதில்லை. நாம் இடத்தை மாற்றிக் கொடுக்காதவரை, சி டிரைவில் தனக்கென வைத்திருக்கும் புராஜெக்ட் நூலகத்தில் சேமிக்கிறது. நான் அழித்தது அந்த நூலகத்தை. அந்தப் பெரியவரிடம் போய் இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று சொன்னபோது, “அதுவரைக்கும் நான் இருந்தா பார்க்கிறேன்” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் புராஜெக்டை டிஆர்பி கோப்பாக வெளியே எடுத்து, பெயரில் தேதியிட்டு, காட்சிகள் உள்ள ஃபோல்டரிலேயே போடுகிறேன். பிரீமியரின் புராஜெக்ட் கோப்பை நாமே விரும்பிய இடத்தில் வைக்கலாம் என்பதால் அதில் இந்தப் பள்ளம் இல்லை. அதற்கு வேறு பள்ளங்கள் உண்டு.

மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு சாதனம், ஒரு பிரதி வேறு வீட்டில் என்பது ஒளிப்படக்காரர்களிடையே பரவிய பழைய விதி. அமெச்சூர்களும் அதைப் பின்பற்றலாம். நொடிக்கு 100 மெகாபிட் பதிவு மணிக்கு 45 ஜிபி ஆகிறது; ஆகவே எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றுவது நடைமுறைக்கு ஒத்துவராது. இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கித் தம்பி வீட்டிலோ அலுவலக மேசையிலோ வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை எடுத்துவந்து புதியனவற்றைச் சேருங்கள். முடிந்த படத்தின் இறுதிப் பிரதியையும் புராஜெக்ட் கோப்பையும் மட்டும் இணையத்தில் வையுங்கள், அவை சிறியவை. பிராக்ஸிகளைக் காப்பாற்றத் தேவையே இல்லை, மறுபடியும் செய்துகொள்ளலாம். கார்டில் இருப்பது இரண்டு டிஸ்கிலும் ஏறிய பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். அதையும் கணினியில் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள்.

கேள்வி: 1998இல் நடந்த அக்காவின் திருமணம் விஎச்எஸ் கேசட்டில் இருக்கிறது. அப்பா எடுத்த மினிடிவி (MiniDV) கேசட்டுகளும் பத்துப் பன்னிரண்டு உள்ளன. நானே கணினியில் ஏற்ற முடியுமா? (நாகப்பட்டினம் வாசகி)

பதில்: முடியும். ஆனால் கடலோர ஊர் என்பதால் முதலில் கேசட்டின் சிறு கண்ணாடிச் சன்னல் வழியாக டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாக மாவு படிந்தது போலவோ நூலாம்படை போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை டெக்கில் போட்டால் டெக்கின் தலை அழுக்காவதுடன் அடுத்தடுத்துப் போடும் நல்ல கேசட்டுகளுக்கும் அது தொற்றும். அவற்றைத் தனியே எடுத்துவைத்து, டேப் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள்.

மினிடிவி ஏற்கெனவே டிஜிட்டல். அதிலிருந்து வீடியோவை எடுப்பது என்பது உண்மையில் கோப்பை நகலெடுப்பதுதான். ஃபயர்வயர் கம்பி வழியாக எடுத்தால் ஒரு புள்ளியும் குறையாமல் வரும். மேசைக் கணினியில் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்தி, அப்பாவின் கேமராவையே இணைத்து, வின்டிவி (WinDV) போன்ற சிறிய இலவச மென்பொருளில் ஓடவிடுங்கள். ஒரு மணிநேரக் கேசட்டுக்கு ஒரு மணிநேரம் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. கோப்பு ஏறத்தாழ 13 ஜிபி வரும். மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகள் வழியாக எடுக்கலாமே என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். டிஜிட்டலை அனலாக்காக்கி மீண்டும் டிஜிட்டலாக்கும் வீண் வேலை அது. விஎச்எஸ்ஸுக்கு மட்டுமே அந்த வழி. அதற்கு யூஎஸ்பி கேப்சர் கருவி வேண்டும்.

வந்த கோப்பில் அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பற்களைப் போலத் தெரிந்தால் கலங்க வேண்டாம். அக்காலப் பதிவு நொடிக்கு 50 அரைப்படங்களாக, ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வருவதாக இருந்தது. ஹேண்ட்பிரேக்கில் டிஇன்டர்லேஸ் செய்யும்போது, அதாவது அரைப்படங்களை முழுப்படமாக்கும்போது, 25 படமாகச் சுருக்காமல் ‘பாப்’ என்ற தேர்வில் 50 முழுப்படமாக எடுத்தால், மாலை மாற்றும்போது கைகளின் அசைவு அன்று டிவியில் பார்த்தது போலவே வழுக்கிக்கொண்டு வரும். அசல் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். இன்றைய அகலத் திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுக்கவும் வேண்டாம். 4:3 படத்தின் இருபுறமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும், இழுத்தால் மணமக்கள் இருவரும் ஒரே நாளில் பத்துக் கிலோ கூடிவிடுவார்கள்.

கேள்வி: எடிட்டிங் கணினிக்கு 600 விஏ யூபிஎஸ் போதுமா? (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: 600 விஏ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அது தாங்குவது பொதுவாக 360 வாட் அளவே. கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி, ரெண்டர் ஆகும் (இறுதிப் படத்தைக் கோப்பாக்கும்) நேரத்தில் மானிட்டருடன் சேர்த்து அதைத் தாண்டிவிடும். மின்சாரம் போன அதே நொடியில் யூபிஎஸ்ஸும் படுத்துவிடும். 1000 விஏ அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். லேப்டாப்தான் என்றால் யூபிஎஸ் வேண்டாம். ஆனால் மின்சாரத்தில் ஓடும் பெரிய வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்கு மட்டும் அந்த 600 விஏ போதும்.